மூக்குத்தி எந்தப் பக்கம்?

அன்புள்ள தேவி,

நலம்தானே? இங்கே எல்லோரும் நலம். மாமியாருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்துவிட்டது. சின்னவள் பிளஸ் டூ, அதனால் வீட்டில் டிவி ஓடுவதில்லை. தீபாவளிக்கு நீ அனுப்பியதற்கு இன்னும் பதில் போடவில்லை, திட்டுவதை நேரில் வரும்போது வைத்துக்கொள். போனில் சொல்லலாம் என்றால் நடுவில் உன் குக்கர் கத்தும், 'இரு, வர்றேன்' என்று போனவள் மறுநாள்தான் கூப்பிடுவாய். இது முழுசாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

கொல்லுமாங்குடி அத்தை, நான் படம் வரைய, எனக்கு முன்னால் உட்கார்ந்தார்! போட்டோ என்றாலே அடுக்களைக்குள் போய்விடும் அதே அத்தைதான். முகத்தை முழுசாக வாட்டர்கலரில் வரைந்து முடித்துவிட்டேன் தேவி.

ஆனால் அதற்கு முன்னால் சித்தப்பா விஷயம் சொல்ல வேண்டும். ஐப்பசியில் அவர் போனபோது நீ பேசினாய், அப்போது இதை உன்னிடம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கடைத்தெரு முக்கில் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். வெயிலிலேயே கிடந்து கறுத்த மனுஷன், வீட்டில் உருப்படியாக இருந்தது அவருடைய ஆதார் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி, முகத்தை வெளுத்து, கன்னத்தில் ரோஸ் ஏற்றி, உதட்டைச் சிவப்பாக்கி, பக்கத்தில் இரண்டு புறா வேறு. அவருடைய பேரன் அதன் கீழே நின்றுகொண்டு 'இது யாரு?' என்று கேட்டான். யாரும் வேண்டுமென்று செய்ததில்லை, அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை, எல்லா ஊரிலும் இப்படித்தான் போடுகிறார்கள். செத்தவருக்கு மரியாதை என்றால் வெளுப்பாக்குவது என்று ஆகிவிட்டது. எனக்கு அது தாங்கவில்லை. அந்த முகத்தை நாற்பது வருஷம் பார்த்திருக்கிறேன், கடைசியாக ஊர் பார்த்தது வேறு யாரையோ.

இது ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வந்த வியாதியும் இல்லை. அத்தையின் கல்யாணப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்குமே, நீ பார்த்திருக்கிறாய். அந்தக் காலத்து ஸ்டுடியோக்களில் டச்சப் செய்கிறவர் நெகட்டிவ்வின் மேலேயே கூர்மையான பென்சிலால் பொடிப் பொடியாகத் தேய்ப்பார். நெகட்டிவ்வில் எவ்வளவு கறுப்பு ஏறுகிறதோ பிரிண்டில் அவ்வளவு வெளுப்பு வரும். அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழே நிழல், நிறம் எல்லாம் அந்தப் பென்சிலில் போய்விடும். அத்தையின் பதினேழு வயது முகம் அதில் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கிறது. அவர் நிஜமாக எப்படி இருந்தார் என்பதற்கு இன்று ஒரு தடயமும் கிடையாது. அதனால்தான், இருக்கிறவர்களை இருக்கும்போதே எதிரில் உட்கார வைத்து அவரவர் நிறத்திலேயே வரைந்துவிட வேண்டும் என்று இறங்கிவிட்டேன். முதலில் அத்தை.

வடக்கு வாசல் பக்கம் நாற்காலி போட்டேன். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும், வடக்கு வெளிச்சம் காலையிலிருந்து சாயங்காலம் வரை பெரிதாக மாறாது, நிழல் இடம் மாறி நம்மைக் குழப்பாது. இருபது நிமிஷம் உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம் எழுந்து நடக்கலாம் என்று ஒப்பந்தம். வாய் வரையும்போது மட்டும் வெற்றிலை கூடாது என்றேன், அதற்குத்தான் பெரிய பஞ்சாயத்து. மற்றபடி பேசிக்கொண்டே இருந்தார். நான் உனக்கு வரைந்து கொடுத்த தவளைப் படத்தை இன்னும் மறக்கவில்லை, 'அந்தப் பொண்ணுக்கு நீதானே வரைஞ்சு குடுத்தே' என்று கேட்டுச் சிரித்தார்.

இனி வண்ணம். இதை எழுதத்தான் உட்கார்ந்தேன், நீ கொட்டாவி விட்டாலும் பரவாயில்லை. யூட்யூபில் வாட்டர்கலர் முகம் என்று தேடிப் பார், வருகிற பாடங்களில் முக்கால்வாசி ரோஜா நிறக் கன்னங்கள்தான். பெயின்ட் கடையில் ஃப்ளெஷ் டின்ட் என்று ஒரு ட்யூப் கொடுப்பார்கள், அதுவும் வெளிறிய ரோஸ். கிரேயோலா கம்பெனி தன் பெட்டியில் 'ஃப்ளெஷ்' என்று இருந்த கிரேயானுக்கு 1962லேயே 'பீச்' என்று பேர் மாற்றிவிட்டது. நம் கடைகளில் அந்தப் பேர் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அந்த ட்யூபை வைத்து நம் தெருவில் யார் முகத்தை வரைவது, சொல்.

கறுத்த முகத்துக்குக் கறுப்பு வண்ணமும் வேண்டாம். கறுப்பைக் கலந்தால் தோல் செத்துவிடும். பர்ன்ட் சியன்னா என்று செம்மண் நிறம் ஒன்று இருக்கிறது. அதையும் அல்ட்ராமரைன் நீலத்தையும் கலந்தால், செம்மண் கூடினால் சூடான பழுப்பு, நீலம் கூடினால் குளிர்ந்த கருமை, நடுவில் எத்தனையோ படிகள். அல்ட்ராமரைனில் இன்னொரு குணம், அதன் துகள்கள் சொரசொரப்பான காகிதத்தின் பள்ளங்களில் போய்த் தங்கும், காய்ந்ததும் அந்த இடம் தோல் மாதிரியே பொடிப் பொடியாகத் தெரியும். முதலில் யெல்லோ ஆக்கர் என்கிற மண் மஞ்சளும் கொஞ்சம் ரோஸும் மெல்லிசாக முகம் முழுக்க, அது காய்ந்த பிறகு இந்தக் கலவை. ரோஸுக்கு அலிசரின் கிரிம்சன் எடுக்கவில்லை. பார்க்க அழகான சிவப்பு, ஆனால் வெளிச்சம் பட்டால் வருஷம் போகப் போக வெளிறிவிடும். குயினாக்ரிடோன் ரோஸ் நிற்கும். மங்கக்கூடாது என்றுதானே இத்தனை பாடும்.

அத்தையின் நெற்றி மேட்டிலும் மூக்கு நுனியிலும் வெளிச்சம் விழுகிற இடத்தை உற்றுப் பார்த்தேன். வெள்ளை இல்லை தேவி, நீலம். வாசலுக்கு வெளியே இருக்கிற வானம் அப்படியே அங்கே தெரிகிறது. வெளுத்த தோலில் இது இவ்வளவு தெளிவாகத் தெரியாது, கறுத்த தோல்தான் சுற்றியிருக்கிற வண்ணத்தையெல்லாம் எடுத்துக் காட்டுகிறது. கட்டியிருந்தது அரக்குச் சேலை, தாடைக்கு அடியில் அந்தச் சிவப்பு ஏறியிருந்தது. உதட்டில் வெற்றிலைக் காவி, ஓரத்தில் மட்டும் கூடுதல். எத்தனை வருஷமாகப் பார்க்கிற முகம், இத்தனை வண்ணம் அதில் இருந்ததை வரைய உட்கார்ந்த பிறகுதான் கண்டேன். எனக்குக் கை நடுங்கியது.

வாட்டர்கலரில் ஒரு சிக்கல், ஈரத்தில் தெரிகிற அழுத்தம் காய்ந்ததும் குறைந்துவிடும். போடும்போது சரியாக இருப்பது காய்ந்த பிறகு வெளிறி நிற்கும். பயந்து பயந்து போட்டால் எல்லோரும் தானாகவே சிவப்பாகிவிடுவார்கள்! 'ஐயோ, இவ்வளவு கறுப்பா' என்று தோன்றுகிற அளவுக்கு முதல் தடவையே துணிந்து வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். திரும்பத் திரும்பத் தேய்த்தால் சேறுதான். காகிதமும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும், 300 ஜி.எஸ்.எம். கனத்தில் பருத்திக் காகிதம் வாங்கினேன், விலையைக் கேட்காதே.

கும்பகோணம் பக்கத்து ஓவியர் எஸ். இளையராஜா ஞாபகம் இருக்கிறதா? விகடனில் அவர் படங்களைப் பார்த்துவிட்டு நீதான் 'இது போட்டோ' என்று சாதித்தாய். அவர் வரைந்தது எண்ணெய் வண்ணம், என் வழி வேறு. ஆனால் அடுக்களையிலும் வாசற்படியிலும் நம் வீட்டுப் பெண்களை நம் நிறத்தில், அவ்வளவு அழகாக உட்கார வைத்தவர். 2021 ஜூனில் கொரோனா கொண்டுபோய்விட்டது. இன்னும் எத்தனை முகங்களை வரைந்திருப்பார்.

சரி, படம் முடிந்து அத்தையிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, 'மூக்குத்தியைப் பக்கம் மாத்திப் போட்டுட்டியே' என்றார். இல்லை அத்தை, சரியாகத்தான் இருக்கிறது என்றால் ஒத்துக்கொள்ளவே இல்லை. அப்புறம்தான் புரிந்தது, அவர் தன்னைக் கண்ணாடியில் பார்த்தே பழகியவர். கண்ணாடியில் பக்கம் மாறித்தானே தெரியும்! மற்றவர்கள் பார்க்கிற தன் முகத்தை இப்போதுதான் முதல் முறையாக நிதானமாகப் பார்க்கிறார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதைச் சொன்னவன் அத்தையின் பெரியவன், 'நல்லாத்தான் இருக்கு, கொஞ்சம் கலரா போட்டிருக்கலாம்'. அவனும் அத்தை நிறம்தான், அவன் பெண்ணும் அதே நிறம்தான். அந்தப் பெண் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவனுக்கு அங்கேயே பதில் சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே.

இப்போது என்னைப் போட்டு அரிப்பது சித்தி. அந்த ஆதார் படத்தைக் கொடுத்து, 'அவரையும் வரைஞ்சு குடு, கொஞ்சம் நிறமா இருக்கட்டும்' என்கிறார். பெரியவனிடம் சத்தம் போடலாம், சித்தியிடம் என்ன செய்வது? துக்கத்தில் கேட்கிறார், நாலு பேர் பார்க்க நன்றாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஆனால் இன்னொரு ஃப்ளெக்ஸை என் கையாலேயே செய்ய என்னால் முடியாது. அதனால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, சித்தப்பா நிறத்தை எனக்குச் சொல்லுங்கள், அந்தப் படத்தில் ஒன்றும் தெரியவில்லை என்றேன். முதலில் 'கறுப்புதான், வேறென்ன' என்றார். பிறகு மெதுவாக, துண்டு கிடக்கிற தோள் மட்டும் வெளுத்திருக்கும் என்றார், காதுக்குப் பின்னால் இளம் பழுப்பு, குளித்துவிட்டு வந்தால் நெற்றி பளபளவென்று இருக்கும் என்றார். எழுதிக்கொண்டேன். அன்றைக்கு 'நிறமா' என்ற பேச்சு வரவில்லை, மறுநாள் வந்தாலும் வரும். இன்னும் தொடங்கவில்லை. நீயாக இருந்தால் சித்தியிடம் எப்படிப் பேசுவாய்? யோசித்து எழுது, உனக்கு இதெல்லாம் வரும்.

அடுத்து நீயும் உன் அம்மாவும். ஆனால் உன் டிபியை வைத்து வரையச் சொன்னால் நான் மாட்டேன், அதில் உன் மூக்கையே காணோம்! எந்த ஃபில்டர் அது? நம் பள்ளி ஆண்டு விழா எனக்கு மறக்கவில்லை தேவி. நாடகத்துக்காக உன் முகத்துக்கு மட்டும் வெளுப்பாக மேக்கப்பை அப்பிவிட்டுக் கழுத்தை விட்டுவிட்டார்கள், நீ நாடகம் முடிந்ததும் குழாயடியில் நின்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினாயே. அப்போது உனக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. நம் செட்டிலேயே வரைய ஆசைப்பட வைக்கிற முகம் உன்னுடையதுதான், அந்தக் கன்ன எலும்புக்காகவே.

பொங்கலுக்கு வந்தால் நேரிலேயே உட்காரலாம். வரமுடியாவிட்டால் படம் எடுத்து அனுப்பு. ஜன்னல் பக்கமாக உட்கார வை, ஒரு பக்கம் வெளிச்சம், மறு பக்கம் நிழல். ஃப்ளாஷ் வேண்டாம். போனில் பியூட்டி என்று ஒன்று இருக்கும், அதை அணைத்துவிட்டு எடு. அம்மாவைப் பவுடர் போட விடாதே, கண்ணாடியைக் கழற்றியும் போட்டும் இரண்டு எடு. வாட்ஸாப்பில் அப்படியே அனுப்பினால் சுருக்கிவிடும், டாக்குமென்ட்டாகப் போடு. உன் பெண்ணுக்குத் தெரியும்.

உன்,
வசந்தி