இன்டர்னல் மார்க் போடுகிறவரிடம் யார் மனம் விட்டுப் பேசுவார்?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில் ஒரு பொறியியல் கல்லூரிக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஹால் டிக்கெட், போனஃபைடு, ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், பிராஜெக்ட் ரிப்போர்ட் என்று எல்லாம் என் கடை வழியாகத்தான் போகும். அதனால் கல்லூரிக்குள் நடப்பதில் பாதி எனக்கும் தெரிந்துவிடும்.

100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் கல்வி நிறுவனங்களில் தகுதி பெற்ற ஒரு ஆலோசகர், உளவியலாளர் அல்லது சமூகப் பணியாளராவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25 அன்று உத்தரவிட்டது. விசாகப்பட்டினத்தில் நீட் பயிற்சியில் இருந்த 17 வயது மாணவியின் மரணம் தொடர்பான வழக்கு அது. உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் கல்லூரி இணையதளத்திலும் பெரிய எழுத்தில் போட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. நல்ல உத்தரவு. ஆனால் இது நம் ஊர்க் கல்லூரிகளில் எப்படி அமலாகும் என்று நினைத்தால் கொஞ்சம் கலக்கமாக இருக்கிறது. ஏனென்றால் கல்லூரியின் தரத்தைப் பார்த்து கிரேடு கொடுக்கும் 'நாக்' குழு வருகிறது என்றால் என்ன நடக்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

குழு வருவதற்கு முந்தைய வாரம் என் கடையில் இரவு பதினொரு மணி வரை விளக்கு எரியும். 'மனநல ஆலோசனை மையம்' என்று ஏ4 தாளில் கலர் பிரிண்ட் எடுத்து, லேமினேட் செய்து கொண்டு போவார்கள். கூடவே மென்ட்டர் பதிவேடுகள் ஸ்பைரல் போட வரும். ஒரு ஆசிரியருக்கு இருபது பிள்ளைகள். பெயர், ரோல் நம்பர், எத்தனை அரியர், என்ன பிரச்சினை, எடுத்த நடவடிக்கை என்று கட்டம் போட்டிருப்பார்கள். தாமதமாக வந்தவனுக்கும் 'கவுன்சல்டு', அப்பா இறந்துபோன பெண்ணுக்கும் 'கவுன்சல்டு'. ஒரே பேனா, ஒரே நாளில் எழுதிய கையெழுத்து. பிள்ளைகளின் வீட்டு விஷயம் எழுதிய பதிவேடு ஜெராக்ஸ் கடைக்கு வருவதே தப்பு என்பது வேறு விஷயம்.

ஆசிரியர்களை நான் குறை சொல்லவில்லை. பாடம் நடத்துவதோடு அவர்கள் வேலை முடிவதில்லை. கோடை விடுமுறையில் அட்மிஷன் பிடிக்க ஊர் ஊராக அனுப்புகிறார்கள். பேப்பர் திருத்த வேண்டும், என்.எஸ்.எஸ். முகாமுக்குப் போக வேண்டும். இத்தனையும் போதாதென்று இரண்டு நாள் பயிற்சி வகுப்புக்கு அனுப்பி, 'இனி நீங்கதான் கவுன்சலர்' என்று தலையில் கட்டுகிறார்கள். அவர்களும்தான் என்ன செய்வார்கள்?

போன செமஸ்டர் ரிசல்ட் வந்த மறுநாள் மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் கடைக்கு வந்தான். ரீவேல்யுவேஷனுக்குப் போட விடைத்தாள் நகல் கேட்டு விண்ணப்பிப்பார்களே, அந்தப் படிவத்தைப் பிரிண்ட் போடச் சொன்னான். நான்கு பேப்பர் போயிருக்கிறது. பிரிண்ட் வருவதற்குள், "அண்ணா, இப்ப டி.சி. வாங்கிட்டா கட்டுன ஃபீஸ்ல ஏதாச்சும் திரும்பக் கிடைக்குங்களா?" என்று கேட்டான். கேட்ட விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. சாதாரணமாகத் துருதுருவென்று பேசுகிறவன், அன்று பிரிண்டரையே பார்த்துக்கொண்டு நின்றான். "உள்ள கவுன்சலிங் மேடம் இருக்காங்கன்னு போர்டு போட்டிருக்காங்களே கண்ணு, ஒரு வார்த்தை பேசிப் பாரேன்" என்றேன். "அவங்கதாண்ணா எனக்கு இன்டர்னல் போடுறாங்க. போனா சாயங்காலமே அப்பாவுக்கு போன் போயிடும்" என்றான். அதற்கு மேல் அவனிடம் நான் என்ன சொல்ல?

நான் எழுத வந்ததும் இதைத்தான். மார்க் போடும் அதிகாரமும் அட்டென்டன்ஸ் குறைக்கும் அதிகாரமும் வைத்திருக்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் ஆலோசகராக இருக்க முடியாது. மனநலச் சிகிச்சை பெறுகிறவரின் விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. டாக்டரிடம் போனால் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு, கல்லூரி அறையில் பேசும்போதும் கிடைக்கும் என்று பையன் நம்ப வேண்டாமா?

அந்த அறை எங்கே இருக்கிறது தெரியுமா? முதல்வர் அறைக்கு அடுத்த கதவு. அதற்குள் நுழைகிறவனைப் பார்த்தால் 'என்ன தப்பு பண்ணினான்' என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். நூலகத்துக்கு உள்ளே ஒரு மூலையில் வைத்தால் யாருக்குத் தெரியப் போகிறது? அப்புறம் நேரம். நாலரைக்கு கல்லூரி பஸ் கிளம்பிவிடும். பஸ்ஸை விட்டால் வீட்டில் காரணம் சொல்ல வேண்டும். வகுப்பு நேரத்தில் போனால் அட்டென்டன்ஸ் குறையும், தேவையான அட்டென்டன்ஸ் இல்லாமல் 'லேக்' வந்தால் பரீட்சை எழுத முடியாது. கபடிக்கும் சிம்போசியத்துக்கும் போனால், வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு வைத்து ஓ.டி. கொடுக்கிறார்கள். இதற்கும் கொடுக்கலாம், ஆனால் துறைத் தலைவர் (எச்.ஓ.டி.) கையெழுத்து கேட்காமல் கொடுக்க வேண்டும். ஊருக்கு ஊர் கல்லூரி பஸ் விடுகிற நிர்வாகத்துக்கு, சமூகப் பணியோ உளவியலோ முறையாகப் படித்த ஒருவருக்குச் சம்பளம் கொடுக்க வக்கில்லை என்றால் நான் நம்பத் தயாரில்லை.

அரசு மருத்துவக் கல்லூரிகளில் 2022 டிசம்பரில் 'மனம்' என்ற பெயரில் மனநல நல்லாதரவு மன்றங்களைத் தமிழக அரசு தொடங்கியது. எங்கள் எதிர்க் கல்லூரியில் அப்படி ஒன்று இன்னும் வரவில்லை. வந்தால் மாணவர்களே நடத்துகிற மாதிரி வரட்டும். சீனியர் அண்ணன் சொன்னால்தான் பையன்கள் கேட்கிறார்கள்.

அதுவரைக்கும் கைவசம் இருப்பது 14416. மத்திய அரசின் 'டெலி மானஸ்' மனநல உதவி எண், 2022 அக்டோபரில் தொடங்கியது. இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழில் பேசலாம். முக்கியமாக, எடுக்கிறவர் கையில் யாருடைய இன்டர்னல் மார்க்கும் இல்லை. அந்தப் பையன் வந்துபோன பிறகு இதைப் பெரிதாக அச்சிட்டு விலைப்பட்டியலுக்குக் கீழே ஒட்டினேன். விலைப்பட்டியலை போட்டோ எடுப்பது போல போனைத் தூக்குகிறார்கள் சிலர். ஜெராக்ஸ் விலையை யார் போட்டோ எடுப்பார்? நானும் கவனிக்காத மாதிரி பேப்பர் அடுக்குவேன். அந்தப் பையனும் எடுத்தான். இப்போதும் கடைக்கு வருகிறான், இரண்டு பேப்பர் கிளியர் ஆகிவிட்டதாம்.

பல்கலைக்கழகங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹால் டிக்கெட்டில் இத்தனை விதிமுறை அச்சடிக்கிறீர்களே, அதில் ஒரு வரியாக 14416-ஐயும் போடுங்கள். ரிசல்ட் பார்க்கும் பக்கத்திலும் போடுங்கள். 'ஃபெயில்' என்று வருகிற இடத்துக்குப் பக்கத்திலேயே அது கண்ணில் பட வேண்டும்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். 'தற்கொலை எதற்கும் தீர்வல்ல' என்ற வரியையும் உதவி எண்ணையும் மாணவர் இறந்த செய்திக்குக் கீழே பொடி எழுத்தில் போடுகிறீர்கள். நல்லதுதான். ஆனால் தேர்வு முடிவு வெளியாகும் நாளில், முதல் பக்கத்தில் முதலிடம் பிடித்தவர்களின் படத்துக்குப் பக்கத்திலேயே அந்த எண்ணைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஜெராக்ஸ் கடைக்காரர் ஒருவர்,
ஈரோடு மாவட்டம்.
(பெயர் வேண்டாம், நாளைக்கும் அதே கல்லூரி எதிரில்தான் கடை திறக்க வேண்டும்.)