அரங்கைக் காக்க முழக்கம் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பல தலைமுறைக் கலைஞர்கள் மேடையேறிய அரங்கம் ஒன்று வணிக வளாகத்துக்காக இடிபடப்போகிறது என்று தெரிந்ததும், கையெழுத்து இயக்கம் நடத்துவதும் வாசலில் திரண்டு முழக்கமிடுவதும் வழக்கமாகிவிட்டது. அந்த ஆதங்கத்தை நான் குறைகூற மாட்டேன். ஆனால், கட்டடத்தை யார் வாங்குவது, வாங்கியபின் யார் நடத்துவது என்பதற்கு விடை தேடிக்கொண்ட இயக்கங்களே பெரும்பாலும் வென்றிருக்கின்றன.

நியூயார்க்கில் 1891-இல் திறக்கப்பட்ட கார்னகி அரங்கை எடுத்துக்கொள்வோம். அங்கு நிரந்தரமாகக் கச்சேரி செய்துவந்த பில்ஹார்மோனிக் இசைக்குழு, புதிதாக எழவிருந்த லிங்கன் மையம் என்ற கலை வளாகத்துக்கு இடம்பெயர முடிவு செய்ததும், உரிமையாளர் அரங்கை விற்க முற்பட்டார். அதே இடத்தில் 44 மாடிக் கட்டடம் எழுப்பும் வரைபடமும் வெளியானது. வயலின் மேதை ஐசக் ஸ்டெர்ன் முன்னின்று திரட்டிய குழு விடாமல் வாதாடியதன் பயனாக, 1960-இல் மாநிலச் சட்டமன்றம் தனிச் சட்டம் இயற்ற, மாநகராட்சி 50 லட்சம் டாலருக்கு அரங்கை வாங்கி, லாப நோக்கற்ற அமைப்பு ஒன்றிடம் குத்தகைக்கு விட்டது. அதே நகரில் பழைய மெட்ரோபாலிட்டன் ஆபரா (மேலை இசைநாடக) அரங்குக்காகவும் பலர் குரல் கொடுத்தார்கள். ஆனால் ஆபரா நிறுவனமே அந்த நிலத்திலிருந்து வரக்கூடிய வருமானத்தை நம்பியிருந்ததால், 1967-இல் அது தரைமட்டமானது.

அமெரிக்காவின் அட்லாண்டா நகரிலுள்ள ஃபாக்ஸ் அரங்கம் தப்பிய விதம் வேறு. 1970-களில் அந்த மனையைத் தலைமையகம் கட்டக் கேட்ட தொலைபேசி நிறுவனத்துக்கு, அரங்கை மீட்க 1975-இல் உருவான அமைப்பு, பக்கத்து நிலத்தைப் பெற்றுத்தர வழிகண்டது. நிறுவனம் கேட்டது இடத்தைத்தானே தவிர, இடிப்பதை அல்ல! அரங்கை மீட்பதற்காக வங்கிகளில் வாங்கிய கடனையும் அந்த அமைப்பு 1978-இல் அடைத்துவிட்டது.

கட்டுமான நிறுவனங்கள் வழக்கமாகத் தரும் ஒரு வாக்குறுதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழையதை இடித்தாலும் புதிய வளாகத்துக்குள்ளேயே "பல்நோக்கு அரங்கம்" தருவோம் என்பார்கள். படத்தில் அது பளபளப்பாகவே இருக்கும். படுதாக்களை மேலே இழுத்து மறைக்கும் அளவுக்கு மேடைக்கு மேல் உயரம் உண்டா, காட்சித் தட்டிகளை வண்டியிலிருந்து நேராக மேடைக்குக் கொண்டுவரப் பின்வாசல் உண்டா, பக்கத்துக் கடைகளின் இரைச்சல் உள்ளே கேட்காதா, சிறு குழுவுக்குக் கட்டுப்படியாகும் வாடகையா என்று கேட்டால்தான் அது நாடகத்துக்கான இடமா, கருத்தரங்குக்கும் வரவேற்புக்கும் மட்டுமே ஆன கூடமா என்பது விளங்கும். வாய்மொழி உறுதி எதற்கும் உதவாது. மேடையின் அளவுகள் முதல் வாடகை வரை அனைத்தும் கட்டட அனுமதியின் நிபந்தனைகளாக எழுத்தில் இடம்பெற வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முதல் தேவை அவகாசம். இங்கிலாந்தின் 2011-ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டப்படி, சமூகச் சொத்தாகப் பட்டியலிடப்பட்ட கட்டடம் விற்பனைக்கு வந்தால், அதை வாங்க விரும்பும் உள்ளூர்க் குழு நிதி திரட்டுவதற்காக விற்பனையை ஆறு மாதம் வரை நிறுத்திவைக்க முடியும். அக்குழுவுக்கே விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை என்பது அதன் பெருங்குறை. முதலில் வாங்கும் உரிமையையும் சேர்த்து இத்தகைய சட்டத்தைக் கேட்பதே, அரங்குகளுக்காகத் திரள்வோரின் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நாடக ஆர்வலர் ஒருவர்