நரம்பணுக்களைக் காக்கும் ஆய்வுக்கு நம் வீட்டு ஆட்களும் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பார்க்கின்சன் நோயில், உடல் அசைவுக்கு வேண்டிய டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களைக் காக்கும் ஆய்வுகளைப் பற்றிச் சென்ற வாரம் நீங்கள் வெளியிட்ட கட்டுரைக்கு நன்றி. தமிழில் இதைப் படிக்கக் கிடைப்பதே அரிது. என் அப்பாவுக்குப் பல வருடங்களாக இந்த நோய். அவரும், காப்பிக்கடையில் அவரோடு உட்காரும் நண்பர்களும் கட்டுரையைப் படித்துவிட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "இந்த மருந்து பலதுறை மருந்தகத்துக்கு எப்போ வரும்?"

அப்படி ஒரு மருந்து இன்னும் இல்லை. டோபமின் அணுக்கள் சாவதைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்றைக்கு உலகில் எங்கேயும் கிடையாது. அப்பா சாப்பிடும் மடோபார் மாத்திரையில் இருக்கும் லெவோடோபா என்ற மருந்து, மூளைக்குள் போய் டோபமினாக மாறிக் குறைந்துபோனதை ஈடுகட்டுகிறது. அது சின்ன உதவி இல்லை. காலை மாத்திரை வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அப்பாவால் சட்டைப் பொத்தானைத் தானே போட முடிகிறது. ஆனால் அணுக்கள் அழிவது உள்ளே நடந்துகொண்டேதான் இருக்கிறது. "மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தால் நோய் முற்றிவிடும்" என்று பயந்து தள்ளிப்போடும் பெரியவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நெதர்லாந்தில் 445 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், உடனே தொடங்கியவர்களுக்கும் 40 வாரம் தள்ளித் தொடங்கியவர்களுக்கும் 80 வார முடிவில் வித்தியாசம் தெரியவில்லை. லெவோடோபா நோயைத் தடுக்கவும் இல்லை, முடுக்கிவிடவும் இல்லை. பூனைக்காலி விதைப் பொடி வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அதிலும் இருப்பது இதே லெவோடோபாதான். மருத்துவரிடம் சொல்லாமல் இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் அளவு கூடிவிடும்.

இந்த அணுக்களைக் காப்பது ஏன் இவ்வளவு கடினம்? நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியில் சில லட்சம் டோபமின் அணுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மிக நீளமாகக் கிளைவிட்டு, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைத் தாங்குவதாக மதிப்பிடுகிறார்கள். அத்தனைக்கும் ஓயாமல் சக்தி வேண்டும். சக்தி தரும் மைட்டோகாண்டிரியா தளர்ந்தாலோ, ஆல்ஃபா சைனூக்ளின் என்ற புரதம் உள்ளே கட்டிகட்டியாகச் சேர்ந்தாலோ முதலில் அடிபடுவது இவைதான். கை நடுங்கத் தொடங்கும்போது ஏறத்தாழப் பாதி அணுக்கள் போயிருக்கும்.

தோற்றுப்போன முயற்சிகளையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். கிரியேட்டின் என்ற சத்துப்பொருளின் சோதனையில் 1,741 பேர் சேர்ந்தார்கள், பலன் தெரியாமல் 2013இல் நிறுத்தினார்கள். கோஎன்சைம் கியூ10 என்ற இன்னொரு சத்துப்பொருளும் பலன் தரவில்லை என்ற முடிவு 2014இல் வெளியானது. இரத்த அழுத்த மாத்திரையான இஸ்ராடிபின் 2020இல். நீரிழிவு மருந்தான எக்ஸெனடைட்மீது 2017 முதல் பெரிய நம்பிக்கை இருந்தது; பிரிட்டனில் 194 பேருக்கு 96 வாரம் கொடுத்துப் பார்த்ததில், 2025 பிப்ரவரியில் அதுவும் பலிக்கவில்லை என்று தெரிந்தது. இதில் பல மருந்துகள் எலியிடம் நன்றாக வேலை செய்தவை. ஆனால் எலிக்குப் பெரும்பாலும் நச்சு கொடுத்துச் சில நாட்களில் அணுக்களைக் கொல்கிறார்கள், மனிதருக்கோ பல வருடங்களில் மெல்ல மெல்லச் சாகின்றன. அப்புறம், நம் அணுக்களுக்குக் கறுப்பு நிறம் தரும் நியூரோமெலனின் எலியின் மூளையில் இயற்கையாகச் சேர்வதில்லை.

இந்த இடத்தில் சிங்கப்பூர் செய்த வேலை எனக்குப் பெருமை தருகிறது. 2016இல் இங்குள்ள ஆய்வாளர்கள் வேறு வகை அணுக்களாக வளரக்கூடிய மனிதக் குருத்தணுக்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் சின்னஞ்சிறு நடுமூளைத் திசுவை வளர்த்தார்கள். டோபமின் சுரந்ததோடு, அந்தக் கறுப்பு நிறமியும் அதில் உண்டானது. எலியை மட்டும் நம்பாமல் மனித அணுவிலேயே மருந்தைச் சோதித்துப் பார்க்க அது ஒரு வழி.

இன்னொரு சிக்கல் காலம். பாதி அணுக்கள் போன பிறகு காக்கும் மருந்தைக் கொடுத்து என்ன பயன் என்று ஆய்வாளர்களே கேட்கிறார்கள். கை நடுங்குவதற்குப் பல வருடம் முன்பே அப்பா இரவில் தூக்கத்தில் கத்துவார், உதைப்பார். ஒருநாள் கனவில் யாரையோ துரத்தியவர் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த மின்விசிறியைத் தள்ளிவிட்டார். கெட்ட கனவு என்று அம்மா தினமும் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுத்தான் படுக்கவைப்பார். அம்மா போடும் சாம்பிராணி வாசனையும் அப்பாவுக்குத் தெரியாமல் போனது, மலச்சிக்கல் வேறு. கனவு காணும்போது உடல் தசைகள் தளர்ந்து கிடக்க வேண்டும். அந்தக் கட்டுப்பாடு போனவர்கள் கனவில் செய்வதை நிஜமாகவே செய்துவிடுகிறார்கள். தூக்க ஆய்வுக்கூடத்தில் இது உறுதியான 1,280 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வின் கணிப்புப்படி, 12 ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேருக்குப் பார்க்கின்சனோ அதைச் சார்ந்த மறதி நோயோ வந்துவிடுகிறது. தூக்கத்தில் பேசுகிறவர்கள் எல்லாரும் பயப்பட வேண்டாம். சில மருந்துகளாலும் இப்படி வரும். ஆனால் கையை வீசி, காலால் உதைத்து, பக்கத்தில் படுத்திருப்பவருக்கு அடிபடும் அளவுக்குப் போனால் மருத்துவரிடம் சொல்லுங்கள். காக்கும் மருந்தை நேரத்தோடு சோதித்துப் பார்க்க ஆய்வாளர்கள் தேடுவது இப்படிப்பட்டவர்களைத்தான்.

அந்தத் தேடலில் நம்மவர்கள் இருக்கிறோமா என்பதுதான் என் கவலை. 2004இல் வெளிவந்த சிங்கப்பூர் ஆய்வின்படி 50 வயதுக்கு மேற்பட்டோரில் 1,000 பேருக்கு ஏறத்தாழ 3 பேருக்கு இந்த நோய். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என்று பெரிய வேறுபாடு இல்லை. நோய் நம்மை விட்டுவைக்கவில்லை, சரி. ஆனால் உலகின் பெரிய மரபணு ஆய்வுகளில் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர்தான். தேசிய நரம்பியல் கழகத்தின் ஆய்வாளர்கள் 4,488 பேரை வைத்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, காப்பி, தேநீர் குடிப்பதற்கும் நோய் ஆபத்து குறைவாக இருப்பதற்கும் தொடர்பு உண்டு என்று காட்டியது. ஆனால் அதில் பார்த்தது, நோய் ஆபத்தைக் கூட்டும் மரபணு மாற்றங்களில் சீனர்களிடம் பரவலாக உள்ளவற்றைத்தான். நம் குடும்பங்களில் ஓடும் மாற்றங்கள் எவை, எந்த மருந்து நமக்குப் பொருந்தும் என்று தெரிய வேண்டுமென்றால் நாம் இரத்தம் கொடுக்க வேண்டும், தொண்டூழியர்களாகச் சேர வேண்டும். நோயில்லாதவர்களும் வேண்டும், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு.

இன்னும் ஒன்று, சொல்லக் கொஞ்சம் கடினமானது. நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் லீ கோங் சியான் மருத்துவப் பள்ளியில் 2019 முதல் மூளை வங்கி இயங்குகிறது. எந்த அணு செத்தது, எது பிழைத்தது என்பதை நேரில் பார்க்க இறந்தபின் தானமாகக் கிடைக்கும் மூளையால்தான் முடியும். நம் வீடுகளில் "மண்டாய் தகனச்சாலைக்குக் கொண்டுபோகும்போது உடம்பு முழுசாக இருக்கணும்" என்பார்கள். எங்கள் அத்தையும் அதைச் சொல்லித்தான் அழுதார். அப்பா அசையவில்லை. "எனக்குப் பிரயோஜனப்படாதது பேரப்பிள்ளைக்காவது ஆகட்டும்மா" என்று சொல்லி, நோயால் எழுத எழுதச் சிறுத்துக்கொண்டே போகும் அந்தக் கையெழுத்தை மூளை தானப் படிவத்தில் போட்டார். எல்லாரும் இதைச் செய்ய வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நல்லபடி இருக்கும்போதே வீட்டில் பேசிவைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் துக்க வீட்டில் அந்தப் பேச்சை யாராலும் எடுக்க முடியாது.

உங்களிடம் கேட்பது இதுதான். இனி இந்த ஆய்வுகளைப் பற்றி எழுதும்போது எலியிடம் கண்டதா மனிதரிடம் கண்டதா, எத்தனை பேர், சிங்கப்பூரில் யார் சேரலாம், யாரிடம் கேட்பது என்ற விவரங்களையும் போடுங்கள். பீஷானில் உள்ள பார்க்கின்சன் சங்கத்தையும் தேசிய நரம்பியல் கழகத்தின் மருத்துவர்களையும் அழைத்துத் தமிழில் ஒரு கேள்வி பதில் பக்கம் வெளியிட்டால், ஆங்கிலப் படிவத்தைப் பார்த்ததுமே ஒதுங்கிவிடும் பெரியவர்களும் துணிந்து கேட்பார்கள். கேள்விகளைச் சேகரித்துத் தர நானும் இன்னும் சில குடும்பங்களும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஈசூன்