சனிக்கிழமை மேட்ச் பார்க்க எந்த பாருக்குப் போவது? எங்கள் வேன் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் கடைசியில் நம் கொலம்பஸ் நகரின் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் (அமெரிக்க) ஃபுட்பால் சீசன் தொடங்கிவிடும். அதோடு எங்களுக்கு வரும் போன்களும் மாறிவிடும். வாரம் முழுக்க ஏர்போர்ட், கோயில், இந்தியன் கடை என்று வேன் கேட்பவர்கள், சனிக்கிழமை வந்தால் "ஏதாவது நல்ல ஸ்போர்ட்ஸ் பார்ல இறக்கி விட்டுடுங்க" என்கிறார்கள். எந்த பார் என்று கேட்டால், "நீங்களே சொல்லுங்களேன்" என்று பதில் வருகிறது. வண்டி ஓட்டிக்கொண்டே டிரைவர் சொல்லிவிடக்கூடிய விஷயம் இல்லை இது. அதனால் எழுதியே அனுப்பிவிடலாம் என்று நினைத்தோம்.

முதலிலேயே ஒன்று. இந்த மடலில் எந்த பாரின் பெயரும் இருக்காது. எந்த பாரிடமும் நாங்கள் கமிஷன் வாங்குவதில்லை என்பது ஒரு காரணம். முக்கியமான காரணம், ஒரே பார் எல்லா சனிக்கிழமைக்கும் எல்லோருக்கும் ஒத்துவராது. யாரோடு போகிறீர்கள், எந்த மேட்ச், எத்தனை மணிக்கு, எந்தச் சேனலில் என்பதைப் பொறுத்து இடம் மாறும்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பலர் தயங்குகிறார்கள். பார் என்றதும் அவர்கள் மனதில் டாஸ்மாக் பார்தான் வந்து நிற்கும். புறநகர்களான டப்ளின், பவல், ஹில்லியர்ட் பக்கம் உள்ள ஸ்போர்ட்ஸ் பார்கள் பெரும்பாலும் சுவரெல்லாம் டிவி மாட்டிய உணவகங்கள்தான். கைக்குழந்தையோடு வருபவர்கள் உண்டு, பாட்டி தாத்தாவோடு வருபவர்களும் உண்டு. குடிக்காதவரை யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. ஒரு சோடா வாங்கினால் பெரும்பாலான இடங்களில் திரும்பத் திரும்ப நிரப்பித் தருவார்கள். பல்கலைக்கழகத்தை ஒட்டிய ஹை ஸ்ட்ரீட், லேன் அவென்யூ பார்கள் வேறு ரகம். மேட்ச் நாளில் அங்கே சில இடங்களில் 21 வயது நிரம்பாதவர்களை உள்ளேயே விடுவதில்லை. வாசலில் நுழைவுக் கட்டணமும் கேட்கலாம். எம்.எஸ். படிக்க வந்த 22 வயதுப் பையனுக்கு அது சரி. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு அங்கே போய் நிற்காதீர்கள்.

அடையாள அட்டை விஷயமும் இதோடு சேர்ந்தது. ஊரிலிருந்து வந்தவர்களுக்குப் பாஸ்போர்ட்தான், அதுவும் ஒரிஜினல். இந்திய டிரைவிங் லைசென்ஸையோ ஆதாரையோ வாசலில் நிற்பவர் ஏற்றுக்கொள்வார் என்று நம்பிப் போக வேண்டாம். தலை முழுக்க நரைத்த அப்பாவிடம் வயதுச் சான்று கேட்பார்கள். அவருக்கு அது உள்ளூர மகிழ்ச்சியாகத்தான் இருக்கும்.

சரி, இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? எத்தனை டிவி இருக்கிறது என்று எண்ணிப் பயனில்லை. 60 டிவி இருந்தாலும் சத்தம் ஒரு மேட்ச்சுக்குத்தான் வைப்பார்கள். கொலம்பஸில் அது எந்த மேட்ச் என்று சொல்லத் தேவையில்லை. ஒஹையோ ஸ்டேட் ஆட்டம் பார்க்கப் போகிறவர்களுக்கு இதில் கவலையே இல்லை. ஆனால் எங்கள் வாடிக்கையாளர்களில் பர்டூவில் படித்தவர்கள், டெக்சஸ் ஏ அண்ட் எம்மில் படித்தவர்கள், பென் ஸ்டேட்டில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் என்று எல்லா வகையும் உண்டு. அவர்களுக்குத் தங்கள் அணியின் ஆட்டம் மூலையில் ஒரு டிவியில், சத்தமில்லாமல், வேறு யாருடைய முதுகுக்கோ பின்னால்தான் கிடைக்கும். இதற்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. அமெரிக்காவின் பெரிய நகரங்களில் பல பல்கலைக்கழகங்களின் முன்னாள் மாணவர் சங்கங்கள் தங்களுக்கென்று ஒரு பாரைப் பேசி வைத்திருக்கும். அந்த அணி ஆடும் நாளில் அங்கே அதன் கொடி, அதன் பாட்டு, சத்தமும் அதன் மேட்ச்சுக்குத்தான். உங்கள் பல்கலைக்கழகச் சங்கத்துக்குக் கொலம்பஸ் கிளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் இந்த மடலில் மீதி எதுவும் உங்களுக்குத் தேவைப்படாது.

அடுத்தது சேனல். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒஹையோ ஸ்டேட் இருக்கும் பிக் டென் என்ற பல்கலைக்கழக அணிகளின் அமைப்பின் ஆட்டங்கள் 2023 முதல் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி என்று பிரிந்து கிடக்கின்றன. பிக் டென் நெட்வொர்க் தனி. சில ஆட்டங்கள் பீகாக் ஸ்ட்ரீமிங்கில் மட்டும்தான் வரும். 2023 அக்டோபரில் ஒஹையோ ஸ்டேட் – பர்டூ ஆட்டம் அப்படித்தான் வந்தது. சாதாரண டிவியில் எந்தச் சேனலிலும் இல்லை. வீட்டில் பீகாக் சந்தா வைத்திருப்பதும் பார் வைத்திருப்பதும் ஒன்றல்ல. பொது இடத்தில் காட்டுவதற்குத் தனி வணிகச் சந்தா வேண்டும், அதன் விலையும் வேறு. சின்ன பார்கள் அதை எடுக்காமல் இருக்கலாம். போன் செய்யும்போது "மேட்ச் போடுவீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் "போடுவோம்" என்றுதான் சொல்வார்கள். "இந்த வாரம் பீகாக்கில் வருகிறதே, உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். பதில் தெளிவாக வரும்.

வீட்டிலேயே பார்க்கலாமே என்பவர்களுக்கு, 2025 நவம்பர் முதல் பாதியில் டிஸ்னியோடு தகராறு ஏற்பட்டு யூடியூப் டிவியில் டிஸ்னியின் விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன் காணாமல் போனது ஞாபகம் இருக்கும். எங்கள் சனிக்கிழமை வேன்கள் அப்போது நிரம்பி ஓடின. அதற்காக நாங்கள் வருத்தப்பட்டதாகச் சொன்னால் பொய்.

உட்காரும் இடத்தையும் கேட்டு வாங்குங்கள். பகல் 12 மணி ஆட்டத்துக்கு வெளித் திண்ணைப் பக்கம் உட்கார்ந்தால் வெயிலில் டிவி கண்ணாடிபோல் உங்கள் முகத்தையே காட்டும். இன்னொன்று, ஸ்ட்ரீமிங்கில் ஓடும் டிவி, கேபிளிலோ டிஷ்ஷிலோ ஓடும் டிவியைவிடப் பல விநாடிகள் பின்தங்கும். ஒரே பாரில் இரண்டும் இருந்தால், உங்கள் திரையில் பந்து இன்னும் வீசப்படாதபோதே அடுத்த அறையில் கூச்சல் கிளம்பிவிடும். பெரிய திரை இருக்கும் அறையிலேயே இடம் கேளுங்கள். கையில் இருக்கும் போனின் ஸ்கோர் அறிவிப்பையும் அணைத்து வையுங்கள்.

சாப்பாடு. சைவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் பார் கொஞ்சம் சோதனையான இடம், மறைக்க வேண்டாம். கோழி விங்ஸ்தான் அங்கே எல்லாவற்றுக்கும் ராஜா. பிரெஞ்சு ஃப்ரைஸையும் மொசரெல்லா ஸ்டிக்கையும் அதே எண்ணெயில் பொரிக்கும் இடங்கள் நிறைய. தனி எண்ணெய் உண்டா என்று கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுவார்கள். நாச்சோஸ் மேல் ஊற்றும் சில்லி என்ற கெட்டிக் குழம்பில் பெரும்பாலும் மாட்டிறைச்சி இருக்கும், அது வேண்டாமென்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். உப்புத் தூவிய பெரிய பிரெட்சல், சீஸ் பிட்சா, பிளாக் பீன் பர்கர் ஆகியவை ஓரளவு பாதுகாப்பானவை. ஒரு ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும். நான்கு பேர் ஒரு தட்டு ஃப்ரைஸை வைத்துக்கொண்டு அவ்வளவு நேரம் ஒரு மேசையைப் பிடித்து உட்கார்ந்தால், பரிமாறுபவரின் அன்றைய வருமானம் போய்விடும். அவர்களுக்குச் சம்பளத்தைவிட டிப்ஸ்தான் பெரிது. பில்லில் 18 முதல் 20 சதவீதம் வழக்கம், மேட்ச் நாளில் அதற்கு மேலே கொடுங்கள். அடுத்த வாரம் நல்ல மேசை கேட்க உங்களுக்கும் வாய் இருக்கும்.

உடை பற்றி ஒரு எச்சரிக்கை. சிவப்பும் சாம்பலும் இங்கத்திய நிறம். நீலமும் மஞ்சளும் மிச்சிகன் நிறம். நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, தேங்க்ஸ்கிவிங்குக்கு இரண்டு நாள் கழித்து, பகல் 12 மணிக்கு அந்த இரண்டு அணிகளும் மோதும். இரட்டைப்படை ஆண்டுகளில் இங்கே, ஒற்றைப்படையில் மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பரில். அந்த வாரம் பல்கலைக்கழக வளாகத்துப் பலகைகளில் உள்ள எம் எழுத்தின்மேல் சிவப்புப் பட்டையால் பெருக்கல் குறி போட்டு மறைத்துவிடுவார்கள். அவ்வளவு பகை. மாமா தெரியாமல் மஞ்சள் சட்டை போட்டு வந்தால் யாரும் அடிக்க மாட்டார்கள், கிண்டல் நிச்சயம். பாரில் யாராவது "ஓ – எச்!" என்று கத்தினால் "ஐ – ஓ!" என்று பதிலுக்குக் கத்த வேண்டும். அது போதும், நீங்கள் அந்த ஊர்க்காரர். 2024-இல் இங்கேயே ஒஹையோ ஸ்டேட் மிச்சிகனிடம் 13–10 என்று தோற்ற அன்று ஊரே இழவு வீடு மாதிரி இருந்தது. அதே அணி 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமை 34–23 என்று வென்று நாட்டின் சாம்பியன் ஆனது. சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபில் இப்போது 12 அணிகள் என்பதால், நவம்பரோடு சீசன் முடிந்துவிட்டதென்று நினைத்து டிசம்பர் சனிக்கிழமைகளில் ஷாப்பிங்குக்கு வேன் கேட்காதீர்கள்.

ஆட்டமே புரியாது, கற்றுக்கொள்ளத்தான் போகிறேன் என்பவர்களுக்கு எங்கள் யோசனை கொஞ்சம் விசித்திரமாகத் தோன்றும். சனிக்கிழமையே போகாதீர்கள். நவம்பரில் செவ்வாய், புதன் இரவுகளில் டொலீடோ, பௌலிங் கிரீன், மயாமி ஆஃப் ஒஹையோ போன்ற நம் மாநிலத்துச் சின்ன அணிகளின் ஆட்டங்கள் டிவியில் வரும். பார் காலியாக இருக்கும். கவுன்டரில் உட்கார்ந்து, நான்கு முயற்சிகளில் 10 கஜம் போக வேண்டும் என்பதிலிருந்து எல்லாவற்றையும் பார்ட்டெண்டரிடமே கேட்கலாம். அவருக்கும் பேச ஆள் கிடைத்த மாதிரி இருக்கும்.

இனி எங்கள் வேலை. ஆட்ட நேரம் பல சமயம் 12 நாளுக்கு முன்புதான், சில சமயம் 6 நாளுக்கு முன்புதான் அறிவிக்கப்படும். நேரம் தெரிவதற்கு முன் வேன் புக் செய்தால், நேரத்தைப் பிறகு இலவசமாக மாற்றிக்கொள்ளலாம். உள்ளூர் ஆட்டம் என்றால் 1 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஒஹையோ ஸ்டேடியத்துக்கு வருவார்கள். வுடி ஹேய்ஸ் டிரைவை மூடிவிடுவார்கள், லேன் அவென்யூ ஊர்ந்துதான் நகரும். பார் வாசலுக்கே வேன் வர வேண்டும் என்று அன்று மட்டும் கேட்காதீர்கள். ஹை ஸ்ட்ரீட்டிலிருந்து கிழக்கே சம்மிட் ஸ்ட்ரீட் வரை நடந்து வந்துவிட்டால் அங்கே ஏற்றிக்கொள்கிறோம். நடக்க முடியாத பெரியவர்கள் இருந்தால் உள்ளூர் ஆட்டத்தன்று வளாகத்துப் பக்கமே வேண்டாம். டப்ளினிலோ பொலாரிஸிலோ பாருங்கள்.

திரும்பக் கூட்டிவர, கடைசியான நான்காவது குவார்ட்டரில் கடிகாரம் மீதி ஐந்து நிமிடம் காட்டும்போது போன் செய்யுங்கள். திரையில் ஐந்து நிமிடம் என்றால் வெளியே இருபது நிமிடம்கூட ஆகலாம், வேன் வந்து சேர அது போதும். ஸ்கோர் சமமாக இருந்தால் மட்டும் பொறுத்திருங்கள். கல்லூரி ஆட்டத்தில் டிரா கிடையாது. 2021-இல் இல்லினாய் – பென் ஸ்டேட் ஆட்டம் ஒன்பது ஓவர்டைம் வரை போனது. ஓவர்டைமுக்காகக் காத்திருக்கும் நேரத்துக்கு நாங்கள் கட்டணம் போடுவதில்லை. டிரைவரும் வண்டியில் அதே ஆட்டத்தைத்தான் ரேடியோவில் கேட்டுக்கொண்டிருப்பார்.

அன்புடன்,
உங்கள் வேன் சர்வீஸ் குடும்பத்தார்
கொலம்பஸ், ஒஹையோ