ரயிலில் பாடிய ஜானிஸ்

ஆசிரியருக்கு,

அறுபதுகளின் ராக் பாடகர்களைப் பற்றிய ஞாயிறு இணைப்புக் கட்டுரை, சுற்றுப்பயணம் என்றாலே போதையும் கூத்தும்தான் என்கிறது. அமெரிக்க ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளினுக்கு இரண்டே வரி. அதிலும் ஒரு வரி அவர் இறப்பு.

1970 கோடையில் கனடாவில் ஓடிய 'ஃபெஸ்டிவல் எக்ஸ்பிரஸ்' ரயிலைச் சொல்லாமல் விட்டது பெரிய குறை. விமானம், ஓட்டல், மேடை என்று ஓடும் குழுக்களுக்கு, ஒரே விழாவில் பாடினாலும் சேர்ந்து உட்காரக்கூட நேரம் இருக்காது. இங்கோ ஜாப்ளின், 'கிரேட்ஃபுல் டெட்', 'தி பேண்ட்' என்ற ராக் குழுக்கள், ப்ளூஸ் கிதார் கலைஞர் பட்டி கை எல்லோரும் ஒரே ரயிலில்! டொராண்டோ, வின்னிபெக், கால்கரி என மூன்று ஊர்களில் கச்சேரி. வழியெல்லாம் இரவு பகல் பாராமல் பெட்டிக்குள்ளேயே கிதாரும் டிரம்ஸுமாக வாசித்துத் தள்ளினார்கள். கேட்க டிக்கெட் வாங்கியவர் யாருமில்லை. அவர்களுக்காக அவர்களே பாடிக்கொண்டார்கள். மது தீர்ந்துபோய் வழியில் சாஸ்கட்டூன் நகரில் ரயிலை நிறுத்தி வாங்கியதும் உண்மைதான் (அந்த அளவுக்குக் கட்டுரையாளர் சரி). கச்சேரி டிக்கெட் விலையை எதிர்த்து டொராண்டோவில் இளைஞர்கள் ரகளை செய்தனர். அமைப்பாளர்களுக்கு நஷ்டம்.

அதே ஆண்டு அக்டோபர் 4-ல் ஜாப்ளின் இறந்தார், வயது 27. அந்த ரயிலில் எடுத்த படச்சுருள்கள் பல்லாண்டு கிடப்பில் இருந்து, 2003-ல்தான் ஆவணப்படமாக வந்தன. கட்டுரையாளர் அதைப் பார்த்துவிட்டு இரண்டாம் பகுதி எழுதட்டும்.

– ஒரு வாசகர், திருச்சி