முதல் வில் எடுக்க வருபவர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். வேட்டைக் காலம் நெருங்க நெருங்கக் கடையில் புது முகங்கள் கூடும். அவர்களில் பலர் உள்ளே கால் வைத்ததுமே கேட்பது, "இருப்பதிலேயே பலமான வில் எது?" என்றுதான். நாங்கள் வில்லைக் காட்டாமல் அளவு நாடாவை எடுத்து வருவோம். சுவரோடு ஒட்டி நின்று கைகளை விரிக்கச் சொல்வோம். "சட்டை தைக்கவா வந்தேன்?" என்று சிலர் சிரிப்பார்கள். சிலருக்குக் கோபமே வந்துவிடும். கூட்டம் இருக்கும் நாளில் ஒவ்வொருவருக்கும் நின்று விளக்க முடிவதில்லை. அதற்குத்தான் இந்த மடல்.

சட்டை என்று கேலியாகச் சொன்னாலும் விஷயம் அதுதான். வில்லுக்கும் உடம்பு அளவு உண்டு. விரித்த கைகளின் ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அங்குலத்தில் அளந்து, 2.5 ஆல் வகுத்தால் உங்கள் இழுப்பு நீளம், அதாவது நாணை எவ்வளவு தூரம் பின்னால் இழுக்க வேண்டும் என்பது, கிட்டத்தட்டத் தெரிந்துவிடும். 70 அங்குலம் என்றால் 28. இது தொடக்கக் கணக்குதான். பிறகு வில்லைக் கையில் கொடுத்து, நாணை இழுத்து நிற்கும்போது பக்கத்தில் நின்று பார்த்து அரை அங்குலம் கூட்டுவோம் அல்லது குறைப்போம். இரு முனையிலும் சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில்லில் நாண் ஓர் இடத்துக்கு மேல் வராது, சுவரில் முட்டியதுபோல நின்றுவிடும். அந்த இடம் உங்கள் கைக்குத் தோதான இடமாக இருக்க வேண்டும். நீளம் கூடிவிட்டால் உடம்பு பின்னால் சாயும், நாண் முன்கையில் அடிக்கும். குறைந்துவிட்டால் குறுகி நிற்பீர்கள், அம்பு ஒருநாள் ஒரு பக்கம், மறுநாள் மறுபக்கம் என்று போகும். புதியவர்களிடம் நாங்கள் அதிகம் பார்ப்பது முதல் வகை. நீளம் கூடினால் வேகம் கூடும் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கூடும்தான். ஆனால் குறி தப்பினால் அந்த வேகத்தை வைத்து என்ன செய்வது?

அடுத்தது இழுப்பு எடை, அதாவது நாணை இழுக்க எத்தனை பவுண்டு பலம் வேண்டும் என்பது. பெரும்பாலானோர் இடறுவது இங்கேதான். எங்களிடம் ஒரு சோதனை இருக்கிறது. நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு கால்களையும் தரையிலிருந்து தூக்குங்கள். வில்லை இலக்கை நோக்கி நேராகப் பிடித்து, மேலே வானத்தைப் பார்த்து உயர்த்தாமல், அப்படியே இழுங்கள். முழுதாக இழுத்து அரை நிமிடம் நடுங்காமல் பிடித்து, அம்பை விடாமல் மெதுவாக முன்னால் கொண்டுவர முடிந்தால் அந்த எடை உங்களுடையது. முடியவில்லை என்றால் 5 பவுண்டு குறைத்து மறுபடி. நின்றுகொண்டு, மூச்சுப் பிடித்து, இடுப்பை முறுக்கி ஒருமுறை இழுத்துக் காட்டுவது கணக்கில் வராது. மரத்தின் மேல் ஒடுங்கி உட்கார்ந்து, குளிரில் 3 மணி நேரம் அசையாமல் இருந்த பிறகு, 15 கெஜ தூரத்தில் ஒரு மான் வந்து நிற்கும்போது இழுக்க வேண்டும். அதுவும் அதன் கண்ணில் படாமல். வில்லை வானம் வரை தூக்கி இறக்கினால் மான் அங்கே நிற்காது.

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துக் கற்கவில்லை. கடை தொடங்கிய புதிதில், நல்ல வாட்டசாட்டமான ஒருவருக்கு 70 பவுண்டு வில்லைக் கொடுத்து அனுப்பினோம். அவர் கேட்டார், நாங்களும் மறுத்துப் பேசவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வில்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு 50க்கு மாற்றிக் கொடுத்தோம். அந்த ஆண்டு அவர் வேட்டைக்கே போகவில்லை. தவறு எங்களுடையது. அன்றிலிருந்துதான் கடையின் நடுவில் அந்த நாற்காலி.

"சரி, குறைந்த எடையில் மான் விழுமா?" என்று கேட்பீர்கள். அம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி அதிர்ச்சியால் கொல்வதில்லை. அது வெட்டுகிறது, இரத்தம் வெளியேறி விலங்கு சாய்கிறது. அதனால் முனையின் கூர்மையும் அது போய்த் தைக்கும் இடமும்தான் பெரிது. கணக்கு வேண்டுமா? 400 கிரெய்ன், அதாவது 26 கிராம் எடையுள்ள அம்பு வினாடிக்கு 210 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 39 அடி-பவுண்டு. அளவு சரியாக அமைந்த 45 பவுண்டு காம்பவுண்ட் வில்லால் எட்டக்கூடிய வேகம்தான் இது. மான் அளவு விலங்குக்கு 25 முதல் 41 வரை போதும் என்பது அம்புத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் அளவு. ஆனால் சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச இழுப்பு எடை ஓரிடத்தில் 35, இன்னோரிடத்தில் 40, பெரிய விலங்குக்கு 50 என்று மாறும். சில நாடுகளில் வில் வேட்டையே கூடாது. எங்கே, எந்த விலங்குக்குப் போகிறீர்கள் என்பதை முதலில் தெரிந்துகொண்டு வாருங்கள். அந்த ஊர் விதி கேட்கும் எடையை நாற்காலியில் இழுக்க முடியவில்லை என்றால், ஒரு பருவம் காத்திருந்து பயிற்சி செய்வதே வழி.

வேகத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியின்மேல் வினாடிக்கு 340 அடி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது 70 பவுண்டு எடையில், 30 அங்குல இழுப்பில், 350 கிரெய்ன் அம்பை எய்து எடுத்த எண். உங்கள் 27 அங்குலத்துக்கும் 50 பவுண்டுக்கும் அந்த எண்ணோடு உறவே இல்லை. இன்னொன்று, 20 கெஜத்தில் நிற்கும் மானை வினாடிக்கு 250 அடி வேக அம்பு கிட்டத்தட்ட 0.24 வினாடியில் எட்டும். 280 அடி வேகம் என்றால் 0.21. நாணின் சத்தமோ 0.05 வினாடியிலேயே அதன் காதுக்குப் போய்விடுகிறது, கேட்டதும் அது நகர்ந்துவிடலாம். எந்த வில்லும் சத்தத்தை முந்தப் போவதில்லை. ஆகவே சத்தம் குறைந்த வில்லும் சற்றுக் கனமான அம்பும்தான் எங்கள் கட்சி. கனமான அம்பு வில்லின் ஆற்றலை அதிகம் வாங்கிக்கொள்ளும், வில்லில் மிஞ்சி அதிரும் பங்கு குறையும்.

எந்த வகை வில் என்ற கேள்விக்கு எங்கள் பதில் சுருக்கம். இந்தப் பருவத்திலேயே வேட்டைக்குப் போக நினைப்பவருக்குக் காம்பவுண்ட். அமெரிக்காவில் மிசௌரியைச் சேர்ந்த ஹோலெஸ் வில்பர் ஆலன் என்பவர் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற வடிவம் அது. அதன் சக்கரங்கள் செய்யும் வேலை எளிது. உச்ச எடையைத் தாண்டியதும் பாரம் சட்டென்று இறங்கும். 60 பவுண்டு வில்லில் 80 சதவீதம் இறங்கினால் கையில் நிற்பது 12 பவுண்டுதான். மான் திரும்பும்வரை இழுத்த கையோடு காத்திருக்கலாம். சக்கரமில்லாத பழைய பாணி வில்களான ரிகர்வ் (முனைகள் முன்னோக்கி வளைந்தது), லாங்போ (நீண்ட நேர் வில்) இரண்டும் அழகானவை, எங்கள் இருவரில் ஒருவர் இன்றும் ரிகர்வ் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. ஆனால் ரிகர்வில் முழுப் பாரமும் கையில்தான் நிற்கும், குறி கைக்குப் பழக ஓர் ஆண்டாவது ஆகும். அதை விரும்பினால் லிம்புகளை, அதாவது பிடிக்கு மேலும் கீழும் வளையும் பட்டைகளை, கழற்றி மாற்றும் வகையாக எடுங்கள். 30 பவுண்டு லிம்பில் பழகி, அப்புறம் பிடியை மாற்றாமலே லிம்பை மட்டும் மாற்றி மேலே போகலாம். லிம்பின்மேல் எழுதியிருக்கும் எடை 28 அங்குல இழுப்புக்கானது. உங்கள் இழுப்பு குறைவென்றால் அங்குலத்துக்கு 2, 3 பவுண்டு குறைவாகவே கிடைக்கும்.

காம்பவுண்டில், இழுப்பு நீளத்தையும் எடையையும் பரவலாக மாற்றிக்கொள்ளக்கூடிய வில்லாகப் பாருங்கள். வலு ஏற ஏற நீங்களே திருகாணியைத் திருப்பி எடையைக் கூட்டலாம். ஒரு முனைச் சக்கரத்தின் அச்சிலிருந்து மறுமுனை அச்சுவரை 32 அங்குலம் போல, நாணுக்கும் பிடிக்கும் இடையே 7 அங்குலம் போல இருந்தால் சிறு பிசகுகளை வில் பொறுத்துக்கொள்ளும். மிகக் குட்டையான, மிக வேகமான வில்கள் பழகிய கைக்கானவை.

வில்லுக்கு முன்பே அறிய வேண்டிய ஒன்று, உங்கள் ஆளும் கண், அதாவது குறிபார்க்கையில் முந்தி நிற்கும் கண். இரண்டு உள்ளங்கைகளையும் சேர்த்து நடுவில் சிறு இடைவெளி விட்டு, அதன் வழியே தூரத்தில் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் அதே இடத்தில் நிற்கிறதோ அதுதான். வலது கையால் எழுதுபவருக்கு இடது கண் ஆள்வது உண்டு. அப்படி இருந்தால் கடையில் சொல்லிவிடுங்கள், வலக்கை வில், இடக்கை வில் இரண்டையும் எடுத்துத் தருகிறோம்.

அம்பில் கஞ்சத்தனம் வேண்டாம். வில்லில் மிச்சம் பிடித்து அம்பில் செலவழியுங்கள் என்றே சொல்வோம், விற்கிறவர்கள் சொல்லக் கூடாததுதான் என்றாலும். அம்பின்மேல் 340, 400, 500 என்று இருப்பது விறைப்பின் எண். 28 அங்குல இடைவெளியில் இரு முனையும் தாங்கிய அம்பின் நடுவில் 1.94 பவுண்டு தொங்கவிட்டால் அது எவ்வளவு வளைகிறது என்பதை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வது. எண் சிறியதானால் அம்பு விறைப்பு. வில்லின் எடைக்கும் அம்பின் நீளத்துக்கும் ஏற்ப நாங்கள் தேர்ந்து தருவோம். எடையில் ஒரு வரம்பு உண்டு. இழுப்பு எடையில் ஒவ்வொரு பவுண்டுக்கும் 5 கிரெய்னுக்குக் குறையவே கூடாது. அதைவிட இலேசான அம்பு, அம்பே இல்லாமல் நாணை விடுவதற்குச் சமம். அம்பில்லாமல் நாணை விட்டால் லிம்ப் பிளக்கலாம், சக்கரம் வளையலாம், நாண் அறுந்து முகத்தில் அடிக்கலாம். கடையில் வில்லை ஆசையாக எடுத்து இழுத்துப் பார்க்கிறவர்களை நாங்கள் சத்தம் போட்டுத் தடுப்பது அதனால்தான். தவறாக எண்ண வேண்டாம்.

குறிபார்க்க 3 பின் (குறி ஊசி) உள்ள சைட், அம்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும் ஒரு தாங்கி, நாணைப் பிடித்து விட மணிக்கட்டில் கட்டும் ரிலீஸ், அம்புகளை வைக்க ஒரு தூணி. முதல் ஆண்டுக்கு இவ்வளவு போதும். வேட்டை முனையில், குறைந்த எடை வில்லுக்கு, தைக்கும்போது வெட்டுத் தகடுகள் விரியும் முனை வேண்டாம். அது விரிவதற்கே கொஞ்சம் ஆற்றலைச் சாப்பிட்டுவிடும். இரண்டு வெட்டுத் தகடுள்ள, விரியாத நிலையான முனை உத்தமம்.

பழைய வில் வாங்குவதில் எங்களுக்கு வருத்தமில்லை. வாங்கும் முன் ஒரு பஞ்சுத் துண்டை லிம்பின்மேல் தேய்த்துப் பாருங்கள், இழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது. நாண் பிசிறியிருந்தால் அதை மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்த வில் என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த வில்லானாலும் முதல் மானுக்கு முன் இரண்டு மூன்று மாதப் பயிற்சி வேண்டும். 8 அங்குலத் தட்டு ஒன்றைத் தொங்கவிடுங்கள், மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தின் அளவு அது. எத்தனை கெஜத்திலிருந்து எல்லா அம்பும் தட்டுக்குள் விழுகின்றனவோ அதுவே உங்கள் தூரம். 20 என்றால் 20தான். 25இல் நிற்கும் மானைப் போகவிட வேண்டும்.

வரும்போது நீங்கள் வேட்டைக்கு அணியப்போகும் தடித்த மேலங்கியையும் கையுறையையும் கொண்டு வாருங்கள், அதோடு இழுத்தால்தான் நாண் சட்டைக் கையில் உரசுகிறதா என்று தெரியும். ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். அளந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்துவிட்டு, அன்றைக்கு ஒன்றும் வாங்காமல் போனாலும் சரி. உங்கள் அளவுகளை ஒரு சீட்டில் எழுதித் தருகிறோம், வேறு எங்கே வாங்கினாலும் அது உதவும்.

அன்புடன்,
கடையிலிருந்து நாங்கள் இருவரும்