முகப்புக்குப் பாதுகாப்பு இருக்கிறது, குடியிருப்பவருக்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நீர்க்கரையை ஒட்டிய பழைய நகர்ப்பகுதிகளைப் பற்றி எங்கே படித்தாலும் தூண், வளைவு, மரஜன்னல், பழைய கிடங்கு, படித்துறை என்று கட்டடங்களைப் பற்றித்தான் இருக்கிறது. அந்த ஜன்னலுக்கு உள்ளே வாடகைக்கு இருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. அப்படி ஒரு வீட்டில் பல வருடமாகக் குடியிருப்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பாரம்பரியப் பகுதி என்று அறிவித்துவிட்டால் முகப்பை இடிக்க முடியாது, உயரத்தைக் கூட்ட முடியாது, சில ஊர்களில் சுவருக்கு என்ன வண்ணம் அடிப்பது என்பதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டும். அதெல்லாம் சரி, வேண்டியதுதான். ஆனால் ஒப்பந்தம் முடிந்ததும் உள்ளே இருக்கிற குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அதே வீட்டை ஒரு நாள், இரண்டு நாள் என்று பயணிகளுக்கு விட ஆரம்பித்தால் பெரும்பாலான இடங்களில் யாரும் எதுவும் கேட்பதில்லை. கல்லுக்கும் மரத்துக்கும் கிடைக்கிற பாதுகாப்பு, அதற்குள் சமைத்து, பிள்ளை வளர்த்து, மழை வந்தால் வாசலில் மணல் மூட்டை அடுக்கி அந்த இடத்தைத் தெருவாக வைத்திருப்பவர்களுக்கு இல்லை.

வெனிஸைப் பாருங்கள். 1951-ல் அந்தப் பழைய தீவு நகரில் ஏறத்தாழ 1,75,000 பேர் வசித்தார்கள், 2022-ல் அது 50,000-க்கும் கீழே போய்விட்டது. கட்டடம் எதுவும் ஓடிப்போகவில்லை, ஆட்கள்தான் போனார்கள். வெள்ளம் ஒரு காரணம், வேலை இல்லாதது ஒரு காரணம், வாடகைக்கு வீடே கிடைக்காமல் போனது பெரிய காரணம். கடலைத் தடுக்கப் பல ஆண்டுகள் செலவழித்துத் தடுப்புக் கதவுகள் கட்டி, 2020 அக்டோபரில் முதல்முறையாக உயர் அலை வந்த ஒரு நாளில் அவற்றைத் தூக்கி நிறுத்தி நகரத்தை நனையாமல் காப்பாற்றினார்கள். மெச்ச வேண்டிய வேலைதான். ஆனால் வெளியேறுகிற குடித்தனங்களை நிறுத்த அந்த அளவுக்கு யாரும் முனையவில்லை.

மலேசியாவின் பினாங்கில் இருக்கிற ஜார்ஜ் டவுன் நகரம் நமக்கு இன்னும் நெருக்கமான கதை. அங்கே 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், உலகப்போருக்கு முந்தைய பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குச் சின்னச் சின்ன வியாபாரிகளும் கைவினைஞர்களும் தலைமுறையாக இருந்தார்கள். 1997-ல் அந்தச் சட்டத்தை நீக்க முடிவு செய்தார்கள், 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு போய்விட்டது. வாடகை ஏறியது, நிறையப் பேர் வெளியேறினார்கள். 2008-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் நகரம் இடம்பிடித்தபோது, எந்த வாழ்க்கைமுறைக்காகப் பாராட்டினார்களோ அதை வாழ்ந்தவர்களில் பலர் அங்கே இல்லை. காலியான சில வீடுகளில், உணவுக்காக வாங்கப்படும் கூடுகளை விற்பதற்காக உழவாரக் குருவி வளர்த்தார்கள், அந்த ஈரமும் எச்சமும் சுவர்களைக் கெடுக்கிறது என்று அப்புறம் தடை போட வேண்டி வந்தது. வீட்டுக்காரர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. பத்திருபது வருடம் ஏறாத வாடகையை வைத்துக்கொண்டு கூரையை மாற்ற முடியாது. ஆனால் கட்டுப்பாட்டை மொத்தமாக எடுத்துவிட்டதற்குப் பதில் படிப்படியாகச் செய்திருந்தால் இத்தனை பேர் போயிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இனி வீட்டுக்குள் வருகிறேன். தண்ணீர்ப் பக்கம் இருக்கிற பழைய வீட்டில் முதல் தலைவலி ஓதம், அதாவது சுவரில் ஏறும் ஈரம். செங்கலும் சுண்ணாம்பும் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சி மேலே இழுக்கும், ஈரத்தோடு உப்பும் ஏறும். தண்ணீர் காற்றில் போய்விடும், உப்பு சுவரின் மேல்தோலில் தங்கிப் படிகமாகி அந்தப் பூச்சைத் தள்ளித் தள்ளி உடைக்கும். அதனால்தான் காரை பெயர்ந்து மாவு மாதிரி உதிர்கிறது. பழைய கொத்தனார்கள் சுண்ணாம்பு பூசியது தெரியாமல் அல்ல. அது ஈரத்தை வெளியே விடும், கெட்டால் சுரண்டிவிட்டு மறுபடி பூசிக்கொள்ளலாம், உள்ளே இருக்கிற செங்கல் பிழைக்கும். நம் காலத்து வீட்டுக்காரர் என்ன செய்கிறார்? அடுத்த ஆள் வருவதற்குள் சிமென்ட்டைப் பூசி, மேலே பளபளவென்று பெயின்ட் அடித்துவிடுகிறார். வெளியேற வழியில்லாத ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறி ஆறே மாதத்தில் இடுப்பளவில் வந்து நிற்கிறது. நான் இருக்கும் வீட்டிலும் இதே கதைதான், "நீங்கள் துணி காயப்போட்டதால்தான் இப்படி" என்று என்னிடமே சொல்லப்பட்டது. அட்வான்ஸில் பிடித்துக்கொள்வதாகவும் சொன்னார்கள். நூறு வருடத்துச் சுவரில் உப்பு ஏறியதற்குக் குடியிருப்பவன் எப்படிப் பொறுப்பாவான்?

இரும்பும் அப்படித்தான். உப்புக்காற்று ஜன்னல் கம்பி, கொக்கி, ஏசியின் வெளிப்பெட்டி எல்லாவற்றையும் தின்னும். கூரை உத்தரம் இரும்பாக இருந்தால் துரு பிடித்துப் பருத்து மேற்கூரையையே பிளக்கும், அது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மழையே இல்லாத நாளில்கூடக் கடல் ஏற்றத்தில் சாக்கடை வழியாகத் தண்ணீர் திரும்பி வந்து தெருவில் நிற்பதைக் கரையோரத்துக்காரர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள்.

புதிதாக வீடு பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். வெயில் நேரத்தில் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்காதீர்கள். நல்ல மழைக்கு மறுநாள் போங்கள், கடல் ஏற்ற நேரத்தில் ஒருமுறை போங்கள், அலமாரியை நகர்த்திப் பின்னால் பாருங்கள், மாடிப்படிக்கு அடியில் மோந்து பாருங்கள், தெரு வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா, மின் மீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள். உள்ளே போகிற அன்றே சுவர் சுவராகப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பிவிடுங்கள்.

ஆனால் இதெல்லாம் தனி ஆள் தன்னைக் காத்துக்கொள்ள. வீடே கிடைக்காத இடத்தில் குறை கண்டுபிடிக்கிற வாடகைதாரருக்கு யார் வீடு கொடுப்பார்? அதனால் விதி வேண்டும். நகரங்கள் செய்ய முடியாததல்ல இது. ஆம்ஸ்டர்டாமில் சொந்த வீட்டை முழுதாகப் பயணிகளுக்கு விட முதலில் வருடத்துக்கு 60 இரவு என்று வரம்பு வைத்தார்கள், 2019-ல் அதையும் 30 ஆகக் குறைத்தார்கள். பார்சிலோனாவில், பதினெட்டாம் நூற்றாண்டில் கட்டிய, மீனவர்கள் வாழ்ந்த பார்சிலோனெட்டா பகுதி மக்கள் சுற்றுலா வீடுகளை எதிர்த்து 2014-ல் தெருவுக்கு வந்து போராடினார்கள். இப்போது அந்த நகராட்சி, 2028 நவம்பருக்குள் பத்தாயிரத்துச் சொச்சம் சுற்றுலா வீடுகளின் உரிமங்களை முடிவுக்குக் கொண்டுவரப் போவதாக அறிவித்திருக்கிறது. ஜெர்மனியின் கட்டடச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே. அதன் 172-ஆம் பிரிவின்படி ஒரு பகுதியின் தோற்றத்தை மட்டுமல்ல, அங்கே வசிக்கும் மக்களின் கலவையையும் பாதுகாக்க வேண்டியதாக நகராட்சி அறிவிக்கலாம். அப்படி அறிவித்த இடத்தில் வீட்டை ஆடம்பரமாக மாற்றிப் பழைய ஆட்களை விரட்டுவது சுலபமல்ல. கல்லும் ஆளும் ஒரே பிரிவில்! இதைப் படித்தபோது இத்தனை நாள் நமக்கு ஏன் தோன்றவில்லை என்றுதான் எனக்கு ஆச்சரியம்.

நான் கேட்பது அதிகமில்லை. கட்டடத்தின் நிலையைத் தெரிந்த பொறியாளர் ஒருவர் பார்த்து எழுதிய குறிப்பு இல்லாமல் பாரம்பரியப் பகுதி வீட்டை வாடகைக்கு விடக்கூடாது. உத்தரம், கூரை, ஓதம் மூன்றும் வீட்டுக்காரர் பொறுப்பு என்று ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பழுதுபார்க்கப் பொதுப்பணத்திலிருந்து உதவி வாங்குகிற வீட்டுக்காரர், அப்போது குடியிருப்பவரைக் குறைந்தது சில வருடங்களுக்கு, நியாயமான வாடகை உயர்வோடு வைத்திருக்க ஒப்புக்கொள்ள வேண்டும். அப்புறம், பாரம்பரியக் குழுவின் அனுமதிக்காகக் கூரை வேலை நின்றுபோய், தார்ப்பாய்க்குக் கீழே மாதக்கணக்கில் குடும்பம் நடத்த வேண்டி வந்தால் அத்தனை மாதத்துக்கும் வாடகையைக் குறைக்க வேண்டும், அந்த அனுமதிக்கும் ஒரு கெடு வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
கரையோரப் பழைய வீட்டில் குடியிருக்கும் ஒரு வாசகர்